பதின்மூன்று பேரும் ஏன் மேசைக்கு ஒரே பக்கம்?

தாண்டவன்வெளிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் மன்னியுங்கள், கேட்டதும் பிள்ளைதான்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஆண்டவரின் இறுதி இராப்போசனப் படம் தொங்குகிறது. மட்டக்களப்பில் கத்தோலிக்க வீடுகளில் இது ஒரு புதினமில்லை. அம்மா கலியாணம் முடித்த வருடம் வாங்கிய படம். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போனபோது நனைந்ததால் வலது கரையில் இருக்கிற மூன்று அப்போஸ்தலர்களின் மேல் தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு கறை. தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போனதால் கழற்றித் துடைக்கவும் வழியில்லை.

மகன் தரம் 10. சித்திரம் எடுத்திருக்கிறான். மறுமலர்ச்சிக் காலம் என்று ஒரு பாடம்: லியனாடோ டாவின்சி, மைக்கலாஞ்சலோ, ரபாயல், ஆளுக்கு நாலு படம், வருடம், எந்த ஊர் என்று பாடமாக்குகிறான். போன கிழமை சோறு தின்றுகொண்டே மேலே பார்த்துவிட்டு, "அம்மா, இவ்வளவு நீள மேசையில் ஏன் பதின்மூன்று பேரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள்? நாங்கள் ஐந்து பேர், சுற்றி இருக்கிறோம்" என்றான். இவர், "அப்பத்தானே போட்டோவில் எல்லோரும் விழுவார்கள்" என்று சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. "சரி, எங்கேயோ இத்தாலியில் ஒருவன் 500 வருடத்துக்கு முதல் கீறியதை நான் ஏன் பாடமாக்க வேண்டும்?" என்றான். வகுப்பிலும் கேட்டிருக்கிறான். "சோதனைக்கு வரும்" என்று பதில் வந்ததாம்.

நான் கணக்குப் படித்தவள். இரண்டு கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. யாராவது சொல்லுவீர்களா?

பழைய போர்ட்காரன்:

மகள், உங்கள் வீட்டுக்காரர் பகிடிக்குச் சொன்னதுதான் விடையில் பாதி.

நான் 1974 தொடக்கம் மட்டக்களப்பில் போர்ட் எழுதியவன். கடைப் பெயர்ப்பலகை, கோயில் திரைச்சீலை, பாடசாலை நாடகத்துக்குப் பின்சீன், எல்லாம் கீறியிருக்கிறேன். பிளெக்ஸ் வந்தது, தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன். படித்தவன் என்று நினைக்க வேண்டாம்; கையால் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன், வருடங்களைப் பிறகு வாசித்து ஒட்டிக்கொண்டேன்.

பின்சீன் கீற ஒரு முறை இருக்கிறது. இருபது அடிச் சீலையைச் சுவரில் இழுத்துக் கட்டி, மாப் பசை பூசிக் காயவிட வேண்டும். அரண்மனை மண்டபம் வேண்டும் என்பார்கள், எப்போதும் அரண்மனை மண்டபம்தான். நடுவில் ஓர் ஆணி அடிப்போம். ஆணியில் நூலைக் கட்டி, துணிக்குப் போடுகிற நீலத்தூளில் நூலை இழுத்தெடுத்து, மறு நுனியை விறைக்கப் பிடித்து நடுவில் ஒரு தெறி. 'டப்' என்று சீலையில் நீலக் கோடு விழும். தூண்களின் தலை, தூண்களின் அடி, தரைக் கல், முகட்டு வளை, உள்ளே போகிற கோடு எதுவாக இருந்தாலும் அந்த ஆணியிலிருந்துதான் புறப்படும். தொழில் பழக்கியவர் அதைக் கண் ஆணி என்பார். பார்க்கிறவனின் கண்ணுக்கு நேரே அடிக்கிறதால் அந்தப் பெயர்.

இதை எழுபதுகளில் பழகினேன். எத்தனையோ வருடம் கழித்து ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். மிலான் நகரத்து சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தில், துறவிகள் சாப்பிடுகிற மண்டபத்துச் சுவரில், லியனாடோ 1495 தொடக்கம் 1498 வரை கீறிய உங்கள் வீட்டுப் படத்தின் மூலம் இருக்கிறது. ஏறக்குறைய 4.6 மீற்றர் உயரம், 8.8 மீற்றர் அகலம். அதில் இயேசுவின் வலது பொறியில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, ஒரு சின்ன ஆணித் துளை இருக்கிறதாம். முகட்டுக் கோடுகளும் இரண்டு பக்கச் சுவர்ச் சீலைகளின் மேல் விளிம்புகளும் நீட்டினால் அங்கேதான் போய்ச் சேருகின்றன. வாசித்தபோது உடம்பு சிலிர்த்துப்போனது. நீலத்தூள் டப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அந்த ஆணியைக் கண்டுபிடித்தது லியனாடோ இல்லை. 1400களின் தொடக்கத்தில் புளோரன்ஸ் நகரத்தில் புருனெலெஸ்கி என்ற கட்டடக்காரர் ஒரு கோயிலைப் பலகையில் கீறி, பலகையில் துளை போட்டு, துளைவழியே கண்ணாடியில் பார்க்கவைத்து, கீறியதும் நிசமும் ஒன்றுபோல் தெரிகிறதா என்று காட்டினார். 1435இல் அல்பெர்ட்டி என்பவர் அதைப் புத்தகமாக எழுதினார். ஓவியம் என்பது திறந்த யன்னல் மாதிரி என்றார். யன்னல் என்றால் பார்க்கிறவனுக்கு இடம் ஒன்றுதான்: இந்தப் பக்கம். உங்கள் மகனின் முதல் கேள்விக்கு விடை அதுதான். மேசையின் நாலாவது பக்கத்தில் இருக்கிறது நாங்கள். அந்த மண்டபத்துத் துறவிகளும் அப்படித்தான்: தங்கள் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேலே இன்னொரு மேசை.

இன்னொன்றும் அவனுக்குச் சொல்லுங்கள். லியனாடோவுக்கு முதலும் புளோரன்ஸ்காரர்கள் எல்லோரையும் ஒரு பக்கமாகத்தான் இருத்தினார்கள், ஒருவனைத் தவிர. காஸ்தாஞ்ஞோ 1447இல் கீறியதிலும் கிர்லாந்தாயோ 1480இல் கீறியதிலும் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மட்டும் மேசைக்கு இந்தப் பக்கம் தனியாக இருக்கிறான். கள்ளன் யார் என்று குருடனுக்கும் தெரியும். லியனாடோ அவனைத் தூக்கி மற்றவர்களோடு இருத்திவிட்டார். தலையைச் சுற்றி ஒளிவட்டமும் ஒருவருக்கும் இல்லை. பணப் பையை இறுக்கிப் பிடித்த கை, கவிழ்ந்த உப்புக் கிண்ணம், நிழலில் விழுந்த முகம், இவற்றை வைத்து நாங்களே தேட வேண்டும். உங்கள் அம்மாவிடம் யூதாஸைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், கண்ணாடி போடாமலே காட்டுவார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்த ஆணி எங்களிடம் எப்படி வந்தது? ஒரு வழி உங்கள் வீட்டுப் படம். இன்னொரு வழி பக்கத்து வீட்டுச் சரஸ்வதி. நான் பகிடி விடவில்லை. கிளிமானூர் ரவிவர்மா, 1848இல் பிறந்தவர், ஐரோப்பியர் எண்ணெய் வர்ணத்தில் ஆளைக் கீறுகிற முறையைப் பழகி அதே முறையில் இலட்சுமியையும் சரஸ்வதியையும் கீறினார். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம், மறு பக்கம் நிழல், சேலை மடிப்பு, பின்னால் தூரத்து மரம். 1894இல் பம்பாயில் அச்சகம் போட்டு அவற்றை ஊரெல்லாம் அனுப்பினார். அதற்குப் பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜு என்ற ஓவியர்; அவர் வழிவந்தவர்களின் சாமிப் படங்கள் சிவகாசிக் கலண்டர்களில் ஏறின. எங்கள் பலசரக்குக் கடைச் சுவர்களில் தொங்கியதும் அந்த வகைதான். முருகனுக்குக் கீழே கறுப்பு வெள்ளைத் தரைக் கல் போட்டிருந்தால் அதன் கோடுகள் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள். ரபாயல் கீறிய, கையை ஊன்றி மேலே பார்க்கிற இரண்டு சம்மனசுக் குட்டிகளையும் கவனியுங்கள். முதல் நன்மை அட்டையில் எத்தனை தரம் பார்த்திருப்பீர்கள். அவை 1512 அளவில் கீறிய ஒரு பெரிய மாதா படத்தின் அடிக்கரையில் இருக்கிறவை, இப்போது ஜெர்மனியில் டிரெஸ்டனில். மேலே மாதா நிற்கிறார் என்பது அநேகம் பேருக்குத் தெரியாது.

கடைசியாக என் வெட்கக்கேடு ஒன்று. ஒரு பாடசாலை, பெயர் வேண்டாம். அரண்மனைச் சீன் கீறிக் கொடுத்தேன். கண் ஆணியை அதிபர் இருக்கிற முன்வரிசை நடுக் கதிரைக்கு நேராக அடித்தேன். அவருக்குச் சோக்காகத் தெரிந்தது. கரையில் பாயில் இருந்த பிள்ளைகளுக்குத் தூணெல்லாம் சரிந்து கிடந்தது. அது போகட்டும். மூன்றாம் காட்சியில் இராசா வேடம் போட்ட பொடியன் சோகத்தில் பின்னால் பின்னால் போய்ச் சீலைக்குப் பக்கத்தில் நின்றான். தூரத்தில் இருக்கிற வாசல் என்று நான் இரண்டரை அடியில் கீறிய வாசலுக்குப் பக்கத்தில் ஐந்தரை அடி இராசா. சபை சிரித்த சிரிப்பில் நாடகம் நின்றுவிட்டது.

படுவான்கரை மத்தளம்:

அண்ணே, உங்கள் கதை நல்லாயிருக்கிறது. ஆனால் இந்த ஆணியைக் கொண்டாடுகிறது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் கூத்து ஆடுகிற குடும்பம், வடமோடி என்ற வகை. வட்டக்களரி, அதுதான் கூத்து ஆடுகிற வட்ட வெளி, அதற்குச் சீன் இல்லை, முன்பக்கம் இல்லை, பின்பக்கம் இல்லை. சனம் சுற்றி இருக்கும். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் களரிக்குள்ளேயே நிற்கும். கூடை மாதிரி விரிந்த கரப்புடுப்புப் போட்ட இராசா வரவு ஆட்டம் ஆடிச் சுற்றி வரும்போது யாரோ ஒருவருக்கு முகம் தெரியும், யாரோ ஒருவருக்கு முதுகு தெரியும். அடுத்த சுற்றில் மாறும். ஒருவரும் குறை சொன்னதில்லை.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் பகுதிக் கூத்தை எடுத்து மேடைக்குக் கொண்டுபோனார். கர்ணன் போர் 1962. அதனால் கூத்துக்கு மதிப்பு வந்தது, படித்த சனம் திரும்பிப் பார்த்தது, நான் மறுக்கவில்லை. அந்த மேடைக்குத் தமிழில் என்ன பெயர் வைத்தார்கள்? படச்சட்ட மேடை. அண்ணன் சொன்ன அதே யன்னல்தான், நாலு கரையும் சட்டம் அடித்தது. அதுவும் அந்தக் காலத்து இத்தாலியில் பிறந்ததுதான். விசென்சாவில் பல்லாதியோ என்ற கட்டடக்காரர் திட்டம் போட்ட அரங்கை 1585இல் திறந்தார்கள். மேடைக்குப் பின்னால் மரத்தாலும் சாந்தாலும் தெருக்களைக் கட்டி, உள்ளே போகப் போகச் சிறுக்கவைத்திருக்கிறார்கள். அண்ணனின் இரண்டரை அடி வாசல் அங்கேயும் இருக்கிறது. 1618இல் பார்மாவில் கட்டிய அரங்கில் பெரிய வளைவுச் சட்டமே வந்துவிட்டது.

என் அப்பாவை ஒருமுறை மண்டபத்தில் ஆடக் கூப்பிட்டார்கள். ஒத்திகை பார்த்தவர், "ஐயா, சபைக்கு முதுகு காட்டாதீர்கள்" என்றார். அப்பாவுக்கு விளங்கவில்லை. "பின்னே எப்படிச் சுற்றுகிறது?" என்று கேட்டார். அன்று அரை வட்டம் மட்டும் ஆடிவிட்டு வந்து, இரவு முழுக்கக் கால் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கச்சியின் மகனுக்கு என் விடை: நீங்கள் ஐந்து பேரும் சுற்றி இருந்து சாப்பிடுகிறீர்களே, அது களரி. மேலே தொங்குகிறது மேடை.

காத்தான்குடி இயற்பியல்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் இயற்பியல் படிப்பிக்கிறவன். சித்திரம் தெரியாது, வெளிச்சம் கொஞ்சம் தெரியும். ஒரு விசயத்தை மட்டும் சேர்க்கிறேன்.

போர்ட்கார ஐயாவின் ஆணிக்குப் பின்னால் ஒரு நூல் பஸ்ராவுக்கும் கெய்ரோவுக்கும் போகிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு அல் ஹைதம் என்ற அறிஞர் ஒளியைப் பற்றி ஏழு பாகத்தில் பெரிய நூல் எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று அதற்கு முந்திப் பலர் நம்பினார்கள். அவர் இல்லை என்றார்: பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வெளிச்சம் நேர்கோட்டில் கண்ணுக்கு வருகிறது. நூல் லத்தீனுக்குப் போனது, 14ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழிக்கும் வந்தது. புளோரன்ஸ் ஞானஸ்நானக் கோயிலின் வெண்கலக் கதவுகளைச் செய்த கிபெர்ட்டி தன் குறிப்புகளில் அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்திருக்கிறார். இப்னு அல் ஹைதம் படம் கீறச் சொல்லித்தரவில்லை, அந்தப் பெருமையை நான் அவருக்குக் கட்டமாட்டேன். ஆனால் நேர்கோட்டில் கண்ணுக்கு வருகிற வெளிச்சம் என்ற கணக்கு இல்லாமல் ஆணியை எங்கே அடிக்கிறது?

வகுப்பில் ஒன்று செய்வேன். யன்னலெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, ஒரு மூலையில் பென்சில் பருமனுக்குத் துளை விடுவேன். எதிர்ச் சுவரில் மெயின் ரோட்டுப் பேரீச்சை மரங்கள் தலைகீழாக வந்து நிற்கும், அதற்கிடையில் ஒரு ஆட்டோ முகட்டில் ஓடும். பொடியன்கள் கத்துவார்கள். அந்தச் சுவரில் தாள் ஒட்டி மரங்களைக் கீறச் சொன்னால், ஒருநாளும் படம் கீறாத பொடியனும் தூரத்து மரத்தைச் சரியான அளவில் சின்னதாகக் கீறுகிறான். தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் டீச்சர். (டீச்சரா? கணக்கு என்றதால் கேட்டேன்.)

பழைய போர்ட்காரன்:

மத்தளக்காரத் தம்பிக்கு: கோபம் நியாயம்தான். உங்கள் அப்பாவின் கேள்விக்கு நான் கீறிய சீலை எதிலும் விடை இல்லை. ஆனால் எல்லாம் ஆணிக்குள் விழுந்துவிட்டது என்றும் சொல்லாதீர்கள்.

ஆயித்தியமலைச் சதாசகாய மாதா படத்தைப் பார்த்திருப்பீர்கள், செப்டெம்பர் திருநாளுக்கு எந்தச் சமயத்துச் சனமும் போகிறது. அதன் மூலப் படம் ரோமில் இருக்கிறது, கிரேத்தா தீவுப் பாணியில் கீறியது. பின்னால் வெறும் பொன். அறை இல்லை, தரை இல்லை, தூரம் இல்லை. குழந்தையின் காலில் ஒரு செருப்பு கழன்று தொங்குகிறது, இரண்டு பக்கமும் சம்மனசுகள் சிலுவையையும் ஈட்டியையும் காட்டுகிறார்கள். ஆணி அடிக்க அதில் இடமே இல்லை.

எண்பதுகளில் ஒரு மூதாட்டி அதைப் பெரிதாகக் கீறித் தரச் சொன்னார். எனக்குத் தொழில் திமிர். பொன்னைத் தட்டையாகப் பூசினால் கைவேலை தெரியாது என்று நினைத்து, பின்னால் ஒரு வளைவு வாசல், தூரத்தில் மலை, மூக்குக்கு ஒரு பக்கம் நல்ல நிழல் எல்லாம் போட்டுக் கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்தார். "வடிவாய்த்தான் இருக்கு மனே. ஆனா இது ஆரோ ஒரு பொம்பிளைப்பிள்ளை. எங்கட மாதா இப்படி வேற எங்கயும் பார்க்க மாட்டா" என்றார். வாசலையும் மலையையும் பொன்னால் மூடினேன். இரண்டு பூச்சுப் போதவில்லை, மலை உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. மூன்றாம் பூச்சில்தான் அடங்கியது. காசு அதே காசு.

காத்தான்குடி சேருக்கு நன்றி. அந்த இருட்டறைக்கு இந்தக் கிழவனும் வரலாமா?

தாண்டவன்வெளிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. (டீச்சர் இல்லை சேர், கணக்கு எழுதுகிற வேலை. ஐயா, நாங்கள் வரும்போது உங்களையும் ஏற்றிக்கொண்டு வருகிறோம்.)

இரவே மகன் படத்தை இறக்கச் சொன்னான். மேசையில் வைத்து, என் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்து, கண்ணாடிக்கு மேலே செலோடேப்பால் ஒட்டினான். முகட்டுக் கோடு இரண்டு, வலது பக்கச் சீலை வரிசை ஒன்று, மூன்றும் ஆண்டவரின் பொறியில் வந்து கூடின. அவன் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இருந்தான். நாலாவது நூல், இடது பக்கச் சீலை வரிசை, ஒரு விரல் அகலத்துக்கு விலகிக் காதுக்கு வெளியே போகிறது. மூன்று தரம் ஒட்டிப் பார்த்தான். டாவின்சிக்குப் பிழைத்ததா என்று கேட்கிறான். அம்மா யூதாஸைக் கண்ணாடி போடாமலே காட்டினார், நீங்கள் சொன்னபடியே.

பழைய போர்ட்காரன்:

அவருக்குப் பிழைக்கவில்லை, அச்சுக்காரனுக்குப் பிழைத்தது. உங்களிடம் இருக்கிறது பிரதியின் பிரதி, இடையில் எத்தனை கை பட்டதோ.

மூலம் ஆரம்பத்திலேயே உரியத் தொடங்கிவிட்டது. ஈரச் சுண்ணச் சாந்தில் கீறினால் சாந்து காயமுதல் முடிக்க வேண்டும். லியனாடோ ஆறுதலாக வேலை செய்கிறவர். சில நாள் தூரிகையைத் தொடாமல் சும்மா நின்று பார்த்துவிட்டுப் போவாராம். அதனால் காய்ந்த சுவரில் முட்டை, எண்ணெய் கலந்த வர்ணத்தால் கீறினார். சுவர் ஈரம் இழுத்தது. வாவிக்கரை வீட்டில் உவர் பூத்த சுவருக்கு எனாமல் அடித்தவனைக் கேளுங்கள், அவன் சொல்லுவான் என்ன நடக்கும் என்று. பிறகு ஆளுக்கு ஆள் திருத்தினார்கள். 1943 ஓகஸ்ட்டில் குண்டு விழுந்து மண்டபம் இடிந்தபோதும் மணல் மூட்டை அடுக்கிய அந்தச் சுவர் நின்றது. 1978இல், உங்கள் படம் நனைந்த அதே வருடம், பழைய திருத்தங்களைச் சுரண்டி எடுக்கிற வேலையைத் தொடங்கினார்கள். 1999 வரை போனது.

உங்கள் படம் எந்த வழியாக வந்தது என்று பார்க்க ஒரு குறி இருக்கிறது. மேசைக்குக் கீழே ஆண்டவரின் கால் தெரிகிறதா? மூலத்தில் இல்லை. 1652இல் மடத்துக்காரர்கள் வாசலை உயர்த்தி வெட்டி அந்த இடத்துச் சுவரையே எடுத்துவிட்டார்கள். கால் இருந்தால், வாசல் வெட்டமுதல் செய்த பழைய பிரதி ஒன்றின் வழியாக வந்திருக்கலாம், அல்லது யாரோ ஒருவன் மனம் கேளாமல் கால் வைத்துவிட்டிருக்கலாம். பார்த்துச் சொல்லுங்கள்.

தாண்டவன்வெளிக்காரி:

இருக்கிறது ஐயா, இரண்டு காலும். இடது காலில் ஆறு விரல் என்கிறான் மகன். கறையாக இருக்கும் என்கிறேன் நான். அம்மா இதற்கு மட்டும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.